வளைத்த மூலை

நாங்கள் குடிவந்த முதல் மழைக்காலத்திலேயே என் புருஷன் வேலியைப் பிடுங்கி, பக்கத்துக் காத்தாயியின் தோட்டத்து மூலையை எங்கள் பக்கம் வளைத்து நட்டுவிட்டார்.

"அவ தனிக்கட்டை. கேக்க நாதியில்ல," என்று பல்லை இளித்தார். 

பத்து வருஷம் தடையில்லாமல் அனுபவித்தால் நிலம் நமக்கே என்று இரத்தோட்டையில் ஒரு புரக்டர் வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தார். பத்து வருஷம் முடிந்ததும் மனுஷன் மாத்தளைக் கோர்ட்டில் ஏறி நின்றார்.

"பூசணி போட்டது நான், தெனம் தண்ணி ஊத்தினது நான். இந்தம்மா ஒரு நாளும் அந்த மூலையில கால் வைக்கல, தொரை!"

நீதிபதி துரை காத்தாயியிடம் கேட்டார். "உண்மையா?"

"உண்மைதாங்க தொரை. நான் மிதிக்கவே இல்ல."

தீர்ப்பு எங்கள் பக்கம். வெளியே வந்ததும் வெட்கம் தாங்காமல் அவளிடம் போனேன்.

"ஏன்க்கா, ஒரு தடவையாச்சும் சண்டைக்கு வந்திருக்கலாமே?"

"எம்புள்ளைக்குத் தண்ணி ஊத்துற மனுஷன்கிட்ட எப்படிச் சண்டை போடுறது?"

"எந்தப் புள்ள?"

"நீங்க குடிவர முந்தி, பொறந்த அன்னைக்கே போயிருச்சு தங்கச்சி. அந்த மூலையிலதான் பொதச்சோம். அதான் நான் மிதிக்கிறதில்ல. குளுந்து கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

பத்து வருஷம் அந்த மண்ணில் காய்த்த பூசணியைத் தின்றிருக்கிறேன். கோர்ட்டு வாசலிலேயே வாந்தி எடுத்தேன்.

பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் புருஷன் என் தோளைத் தட்டினார்.

"வெரசா தோண்டி எடுத்துட்டுப் போகச் சொல்லு. அது இப்ப நம்ம மண்ணு."