ஆல்வினுக்குத் தெரியக் கூடாது

“இன்னிக்கு வேணாம் மிஸ். அவன் தாங்க மாட்டான்” என்று கெஞ்சினாள் ரெஜினா.

“அம்மா எறந்து நாப்பது நாளாச்சு. இன்னும் எத்தினி நாளைக்கு ஆஸ்பத்திரில கீறாங்கன்னு சொல்லிகினு இருப்பீங்க?” என்றாள் ஜெயப்பிரியா.

நெம்மேலியில் ஒரு சின்னக் கூடம். மனவளர்ச்சி குன்றிய பெரியவர்கள் பத்துப் பேர் சனிக்கிழமைதோறும் அங்கே கூடி, கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கப் பழகுகிறார்கள். சொல்லித் தருபவள் ஜெயப்பிரியா. ரெஜினாவின் தம்பி ஆல்வினும் அந்தப் பத்தில் ஒருவன். வயது முப்பத்திரண்டு, மனசுக்கு ஏழுதான் என்பாள் ரெஜினா.

அம்மாவை அடக்கம் செய்த அன்று அவனை அச்சரப்பாக்கத்தில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். திரும்பி வந்தவன், “அம்மா எங்கக்கா?” என்றான். “செங்கல்பட்டு ஆஸ்பத்திரிலடா” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். சொன்ன பொய்யைத் தினமும் வளர்க்க வேண்டியதாயிற்று. இன்று கஞ்சி குடித்தாள், இன்று எழுந்து உட்கார்ந்தாள் என்று. பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுவாள். பாவம், வேறு எங்கே போய் அழுவது?

“தெனமும் அவனேதான் கேக்கறான் மிஸ், ‘அம்மா இன்னிக்கு இன்னா சாப்ட்டுச்சு’ன்னு. எந்த வாயால சொல்றது?”

“மனச மறைக்காம உக்காரத்தான் இங்க பழக்கறோம். கிளாஸ் முடிஞ்சதும் சொல்லிடுங்க. நானும் பக்கத்துல இருக்கேன்.”

ரெஜினா தலையாட்டினாள். வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள்.

“எல்லாரும் கண்ண மூடுங்க. நெஞ்சுல கை வைங்க. உள்ள எது பாரமா கீதோ, அத என் காதுல மட்டும் சொல்லுங்க.”

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கடைசியில் ஆல்வின் குனிந்து வெகுநேரம் ஏதோ முணுமுணுத்தான். ஜெயப்பிரியாவின் முகம் மாறிவிட்டது. எழுந்து, வாசலில் நின்ற ரெஜினாவிடம் வந்தாள்.

“அம்மாவக் கேட்டு அழறானா மிஸ்?”

“இல்ல.” ஜெயப்பிரியா ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “‘அம்மா செத்துப்பூடுச்சுன்னு சித்தி வூட்ல பேசிக்கினாங்க மிஸ். பாவம், அக்காவுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா அழும், சொல்லிடாதீங்க’ன்றான்.”