மூடிய வலது கை

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில், மாதா கோயில் குடிலில், குழந்தை இயேசு சொரூபம் இன்னும் வைக்காத வைக்கோலில் உயிருள்ள பிள்ளையொன்று கிடந்தது.

"யாரோ போட்டுட்டுப் போயிட்டாங்க. தூக்குங்க உபதேசியாரே," என்றாள் கோயில் பெருக்கும் பிலோமினா.

"பொறு. இந்த டிசம்பர்ல இயேசுவோட எதிரி அந்திக்கிறிஸ்து குழந்தையா வருவான்னு டிவியில சொன்னாங்க. நெத்தியிலயோ வலது கையிலயோ சாத்தானோட நம்பர் 666 இருக்குமாம்."

உபதேசியார் மரியசூசை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பனியில் நனைந்த முடியை விலக்கினார். நெற்றியில் ஒன்றுமில்லை. அதனாலேயே சந்தேகம் கூடியது. வலது கையோ இறுக மூடியிருந்தது.

"ஒளிக்கிறான் பாரு!"

ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். பிள்ளை சட்டென்று அவர் விரலைப் பிடித்துக்கொண்டது.

"நம்பர் இருக்கா?"

உள்ளங்கை முழுக்க அவர் விரல்தான் இருந்தது. இழுத்துப் பார்த்தார். பிள்ளை விடவில்லை.

"தெரியல," என்றார். "கை சில்லுன்னு இருக்கு. என் தோள்ல கிடக்கற துண்டை எடுத்துப் போர்த்து."