நல்ல காத்து வர்ற இடம்

“இதுங்களுக்கும் டீசல் புகை காட்டிட்டியா, பாரிசுவா? உன் மூளை என்ன ஜெனரேட்டர்லயா ஓடுது?”

போர்ட் ஹார்கோர்ட் பல்கலைக்கழக ஆய்வகத்தில் டாக்டர் இபிசோ உதவியாளன் பாரிசுவாவிடம் கத்தினாள். புகையில் வைத்த எலிகளின் இதயமும், சுத்தக் காற்றில் வைத்த எலிகளின் இதயமும் ஒன்றுபோல வீங்கியிருந்தன.

“சத்தியமா இல்ல மேடம். அதுங்க பக்கத்துல ஒரு தீக்குச்சிகூடப் பத்த வைக்கல.”

“அப்ப எங்கதான் வச்சிருந்த?” பாரபட்சம் வந்துவிடக் கூடாதென்று, முடிவு வரும்வரை அவள் அதைக் கேட்டதில்லை.

“இங்கயே நல்ல காத்து வர்ற இடம்னு எல்லாரும் சொன்னாங்க, மேடம்.”

“எந்த இடம்னு சொல்லித் தொலை!”

“நம்ம ஸ்டாஃப் குழந்தைங்க காப்பகத்துப் பின்னறை. உங்க பாப்பாகூட தினமும் எட்டிப் பார்த்து அதுங்களுக்கு டாட்டா காட்டும்.”