செங்குட்டுவன் எடுத்த அந்தி

“கலர் ஏத்தலைன்னு சத்தியமா சொல்றியா?”

“செல்போன்ல எடுத்தது அப்படியே இருக்கு சார்.”

‘அந்தி வானம்’ புகைப்படப் போட்டியின் நடுவர் ஜெயப்பிரகாஷ் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. புகைபோக்கிகளுக்குப் பின்னால் வானம் பற்றி எரிந்தது. செங்குட்டுவன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் எடுத்த படம் இதுவரை எந்தச் சுவரிலும் தொங்கியதில்லை.

“முதல் பரிசே உனக்குத்தான்பா. எங்க நின்னு எடுத்தே?”

“மைன்ஸ் பஸ் ஸ்டாப்ல சார். நைட் ஷிப்ட் முடிச்சுகினு காலைல வரசொல்ல எடுத்தேன்.”

“அட, இது சூரிய உதயம்யா! தலைப்பைப் படிக்கலையா?” அவர் படத்தைத் திருப்பி நீட்டினார்.

வாங்காமல் செங்குட்டுவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“படிச்சேன் சார். வருஷம் பூரா எனக்கு நைட் ஷிப்ட்தான். வூட்டுக்குப் போயி நான் படுக்குற நேரம் இது. எனக்கு அப்பதான் பொழுது சாயுது. பரிசு வாணாம். மத்தவங்க அந்தியோட என் அந்தியையும் மாட்டுங்க சார்.”