திரும்பி வரும் புள்ளி

நாளைக்குக் காட்டில் யார், எது, எந்த வழியாகப் போகும் என்பதை முந்தின நாளே அந்த மெஷின் திரையில் வரும் வரைபடம் காட்டிவிடும். மான்கள் மஞ்சள் புள்ளி, மனிதர்கள் சிவப்பு. இதுவரை தவறியதில்லை.

“ஓடை வழியா போவோம் மாப்ள. காத்து எதிர்க்க அடிக்கும், நம்ம வாடை மானுக்குப் போகாது” என்று பலவேசம் திரையில் விரலால் வழி போட்டான். இரண்டு சிவப்புப் புள்ளிகள் காட்டுக்குள் நுழைந்தன. ஒன்றுதான் திரும்பி வந்தது.

அவன் தங்கை புருஷன் சுடலை திரையைத் தன் பக்கம் இழுத்தான். “சர்க்கார் காடு வேண்டாம் மச்சான். பண்ணையார் தோப்புல அனுமதி கேப்போம்” என்று வழியை மாற்றினான். அங்கேயும் ஒன்றுதான் திரும்பியது.

“போகாமலே இருந்தா என்ன?” என்றாள் சுடலையின் மனைவி பேச்சி. “போன தடவை தொடைக்கறிக்கு நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டது போதாதா?”

சுட்டவனுக்குத்தான் தொடை. போன தடவை இருவருமே தன் குண்டுதான் பட்டது என்றார்கள். அதோடு நின்ற பேச்சு, போன வாரம்தான் திரும்பத் தொடங்கியிருந்தது.

“மெஷினுக்குப் பயந்தா ஊரு சிரிக்கும்” என்றான் பலவேசம். சுடலையும் தலையாட்டினான்.

விடியும்போது இருவரும் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு கிளம்பினார்கள். காட்டுப் பாதையில் ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் நடக்க முடியும். பாதை தொடங்கும் வேலியருகே இருவரும் நின்றுவிட்டதைப் பேச்சி வாசலிலிருந்து பார்த்தாள்.

“நீங்க முன்னால போங்க மச்சான்.”

“இல்ல மாப்ள, நீங்க போங்க.”