கழுவிய தட்டு

மாவு உருண்டையாக நிற்கவில்லை. பிடிக்கப் பிடிக்க உதிர்ந்தது.

டப்பாவில் இருந்த நெய் அவ்வளவுதான். அவள் கொஞ்சம் பால் தெளித்து மறுபடியும் அழுத்தினாள்.

வெளியே காலையிலிருந்தே வெடிச் சத்தம். அந்தக் குடியிருப்பின் எல்லாச் சமையலறைகளிலிருந்தும் எண்ணெய் வாசனை வந்து, மாடிப்படியில் ஒரே வாசனையாகக் கலந்து நின்றது.

அவள் வீட்டிலிருந்து மட்டும் எதுவும் போகவில்லை.

ஆடியில் அவள் கணவன் இறந்தான். வருஷம் திரும்பும்வரை எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது என்று நாத்தனார் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

இந்த மாவு உருண்டைக்கு எண்ணெய்ச் சட்டி வேண்டாம். அடுப்பே வேண்டாம். பொட்டுக்கடலை, சர்க்கரை, ஏலக்காய், ஒரு மிக்ஸி. யாராவது கேட்டால் இப்படிச் சொல்லிவிடலாம் என்று அவள் ஒரு வாரமாகவே மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள்.

யாரும் கேட்கவில்லை. மகள் இனியாதான் கேட்டாள்.

“நமக்கு தீபாவளி இருக்காம்மா?”

“இருக்கு.”

சொல்லிவிட்டாள். இனி இருந்தாக வேண்டும்.

இனியா தரையில் உட்கார்ந்து தன் பங்குக்கு உருட்டினாள். அவளுடையவை எல்லாம் ஒரு பக்கம் சப்பையாக இருந்தன. பெரிதாக ஒன்றை உருட்டி, அதன் தலையில் ஓர் உலர்ந்த திராட்சையைப் பதித்தாள். வீட்டிலிருந்தது அது ஒன்றுதான்.

“இது வசுமதி ஆன்ட்டிக்கு.”

மேல் வீட்டு வசுமதி. வீடு முழுக்க அழுகையாக இருந்த நாட்களில் இனியாவுக்குத் தலை பின்னி, சோறு ஊட்டியவள்.

தட்டில் அடுக்கினார்கள். மேலே ஒரு கைக்குட்டையைப் போட்டு மூடினார்கள்.

போன வருஷம் தட்டை அப்பா பிடித்துக்கொண்டார். இனியா காலிங் பெல்லை அடித்தாள். இந்த வருஷம் தட்டு அவளுடைய இரண்டு கையிலும்.

அம்மா தன் வீட்டுக் கதவிடுக்கில் நின்றாள். மேலே இனியா காலால் கதவைத் தட்டுவது கேட்டது.

கதவு திறந்தது.

ஒரு சரவெடி முழுசாக வெடித்து முடிந்தது. அதன் பிறகுதான் வசுமதியின் குரல் வந்தது. மெதுவாக, அன்பாக.

“உங்க வீட்ல இந்த வருஷம் பண்டிகை இல்லடா கண்ணு. உங்கம்மாவுக்குத் தெரியாதா என்ன? எடுத்துட்டுப் போயிரு. நானே உனக்கு முறுக்கு கொண்டாந்து தர்றேன்.”

கதவு மூடியது.

சின்னக் கால்கள் இறங்கி வந்தன. அவள் கதவின் பின்னால் ஒதுங்கினாள். கால்கள் அவள் வீட்டைத் தாண்டி, சத்தமில்லாமல், கீழே போயின.

கூப்பிட்டிருக்கலாம்.

கூப்பிடவில்லை.

கீழே மோட்டார் அறைக்குப் பின்னால் ஒரு குழாய் உண்டு. வெகுநேரம் கழித்து அது திறக்கும் சத்தம் கேட்டது.

இனியா மூச்சு வாங்க மேலே வந்தாள்.

“எல்லாரும் எடுத்துக்கிட்டாங்கம்மா. எல்லாம் காலி. வசுமதி ஆன்ட்டி சூப்பர்னு சொன்னாங்க.”

தட்டைக் கொடுத்தாள். ஈரமாக இருந்தது.

அந்தக் குடியிருப்பில் எந்தத் தட்டும் வெறுமையாகத் திரும்பாது. ஒரு முறுக்கு, இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரை. பண்டிகை நாளில் தட்டைக் கழுவி யாரும் தரமாட்டார்கள். அது இன்னும் இனியாவுக்குத் தெரியாது.

வாயையும் கழுவியிருந்தாள். சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. உள்ளங்கையில் ஒரு திராட்சை ஒட்டியிருந்தது. திராட்சை அவளுக்குப் பிடிக்காது.

“அப்படியா,” என்றாள் அவள்.

மதியம் இனியா சோறு வேண்டாம் என்றாள். அவள் வற்புறுத்தவில்லை.

சாயங்காலம் வசுமதி வந்தாள். பட்டுப் புடவை. தட்டு நிறைய முறுக்கும் அதிரசமும். வாசல்படியைத் தாண்டாமல் நீட்டினாள்.

“பிள்ளைக்கு. பாவம், ஏங்கிப் போயிரும்.”

இனியா டிவியின் முன்னால் இருந்து எழுந்தாள். வசுமதியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா தட்டை வாங்கிக்கொண்டாள்.

“உருண்டை நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்களாமேக்கா. பாப்பா வந்து சொன்னா.”

வசுமதியின் வாய் திறந்தது. இனியா பாவாடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“ஆமா,” என்றாள் வசுமதி. “நல்லா இருந்துச்சு.”

“இன்னும் கொஞ்சம் இருக்கு.”

“ஐயோ, வேணாம். தட்டைச் சும்மா குடு, போதும்.”

“வெறும் தட்டாவா?”

உள்ளே போய் முறுக்கையும் அதிரசத்தையும் ஒரு பாத்திரத்தில் கொட்டினாள். மிச்சமிருந்த உருண்டைகளை எல்லாம் அந்தத் தட்டில் அடுக்கினாள். அவசரப்படவில்லை. சப்பையானவற்றை மேலே வைத்தாள்.

வசுமதி விரல் நுனிகளால் வாங்கிக்கொண்டாள்.

இனியாவின் முகம் மலர்ந்தது. “எல்லாம் நான் உருட்டினது ஆன்ட்டி.”

“சரிடா கண்ணு.”

கதவு பாதி திறந்திருந்தது. இருவரும் வசுமதியின் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வசுமதியின் வீடு மேலே.

செருப்புச் சத்தம் கீழே இறங்கியது. கீழே குழாய் இருக்கிறது. குழாயை ஒட்டிக் குப்பைத் தொட்டி.

இனியா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

பிறகு ஓடிப்போய் ரிமோட்டை எடுத்தாள். சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள்.

பட்டிமன்றத்தில் யாரோ ஏதோ சொல்ல, அரங்கமே சிரித்தது.