மீசையை மழித்துக்கொண்டு வந்தது

ஆஸ்பத்திரியின் அந்த அறையில் இருந்தவர்கள்: நான், என் மகன், மருமகள், அவளுடைய அப்பா, கல்லீரல் டாக்டரம்மா. என் அக்கா இல்லை.

மதிய வெயில் திரைச்சீலை வழியாக வடிந்துகொண்டிருந்தது. சுவரோரம் ஒரு மீன்தொட்டி. மகனுடைய கண்ணின் மஞ்சளும் அந்த வெளிச்சமும் கலந்து, நாங்கள் எல்லோரும் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

சம்பந்தி தன் மகளைக் கையோடு அழைத்துப்போக வந்திருந்தார்.

வந்தவள் கொண்டுவந்த காமாலை என்று அக்கா உறவு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். காமாலைக்குத் தடுப்பூசி போட்டு வளர்த்த பிள்ளைக்கு வேறு எப்படி வரும் என்பது அவள் கேள்வி. ஊசி போட்டது உண்மை. நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

"ஊசியும் சரிதான், எதிர்ப்பு சக்தியும் இருக்கு," என்றார் டாக்டர். "வாசல்ல காவல்காரன் முழிச்சுக்கிட்டுதான் இருக்கான். மீசை வெச்ச ஆளைப் பிடின்னு சொல்லி வெச்சிருந்தோம். இந்தக் கிருமி மீசையை மழிச்சுட்டு வந்திருக்கு."

சம்பந்தி சிரிக்கவில்லை. நானும்தான்.

எனக்கு அந்த வாசல் தெரிந்தது. பனி. மங்கலான விளக்கு. மழமழவென்ற முகத்தோடு ஒருவன் வருகிறான். காவல்காரன் எழுந்து வழிவிடுகிறான். அவன் நடை எனக்குப் பழகிய நடையாக இருந்தது.

மாத்திரை முகம் பார்க்காது, கிருமி பெருகுகிற இடத்திலேயே போய் அடக்கிவிடும், பயமில்லை என்று டாக்டர் சொல்வது எங்கோ தொலைவில் கேட்டது.

"அப்ப யார்கிட்டேருந்துதான் வந்துச்சு, சொல்லுங்கம்மா," என்றார் சம்பந்தி. "எம் பொண்ணு தலையிலதான எல்லாரும் கட்டுறாங்க."

மருமகள் தலை நிமிரவில்லை.

எங்கள் எல்லோருடைய ரத்தத்தையும் டாக்டர் பார்த்திருந்தார். ரத்தம் வழியாகப் பரவுவது, நோய் காட்டாமலே ஒருவர் உடம்பில் இருக்கும் என்றவர், சவரத்துக்கு யாருடைய கத்தி என்று மகனிடம் கேட்டார்.

அவன் மீன்களைப் பார்த்தான்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் அப்பா காலத்திலிருந்து வீட்டுக்கு ஒரே கத்தி, எங்கள் ஆண்கள் அடுத்தவன் கத்திக்குக் கன்னம் கொடுத்ததே இல்லை என்று சொல்ல ஆரம்பித்தேன்.

பாதியில் நிறுத்தினேன். டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தி தனியாகத்தான் காரில் ஏறினார்.

வந்தவள் கொண்டுவந்தது என்று உறவில் இன்னமும் பேசிக்கொள்கிறார்களாம். தவறு. மருமகள் ரத்தத்தில் அது இல்லை. என் ரத்தத்தில் இருக்கிறது.